ஹிட்லர் வண்ணத்தில்: காப்பகக் காட்சி ஆவணப்படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட்லரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பழைய வண்ணப் படச்சுருள்களைக் கொண்டு சொல்வதாக விளம்பரப்படுத்தப்படும் ஆவணப்படங்கள் ஏராளம். ஜெர்மானிய, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தொலைக்காட்சிகள் 1990களின் இறுதியிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு தயாரித்தவை அவை. இன்று துண்டு துண்டாக யூடியூபில் சுற்றுகின்றன. எது கேமராவிலேயே பதிந்த நிறம், எது எழுபது ஆண்டுகள் கழித்துப் பூசிய நிறம் என்று தெரியாமலேயே பெரும்பாலோர் பார்க்கிறோம். அந்தக் குழப்பத்தை ஒட்டிய கேள்விகளும் பதில்களும் கீழே.

அந்தக் காலத்தில் வண்ணத்தில் படம் பிடிக்க முடிந்ததா?

முடிந்தது. ஆனால் 1935க்கு முன்னால் அது பெரும்பாலும் பெரிய ஸ்டூடியோக்களின் சங்கதி. அந்த ஆண்டு அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 16 எம்.எம். அளவில் கோடாக்குரோம் ஃபிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் வோல்ஃபன் தொழிற்சாலையில் தயாரான புதிய அக்ஃபாகலரைக் களத்தில் இறக்கியது. வசதி படைத்த ஒருவர் கடைக்குப் போய் ஒரு சுருள் வாங்கி, தன் சிறிய கேமராவில் மாட்டி, எளிதாக வண்ணத்தில் படம் பிடிக்கும் காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டுமே ‘ரிவர்சல்’ வகை ஃபிலிம்கள். கேமராவுக்குள் ஓடிய அதே சுருளைக் கழுவித் திரையில் ஓட்டுவார்கள். நெகட்டிவ் கிடையாது, பிரதிகளும் அநேகமாகக் கிடையாது. அந்த ஒரு சுருள் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. யாராவது அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தால் அப்படியே கிடைக்கும். கோடாக்குரோமின் சாயம் இருட்டில் இருந்தால் பல பத்தாண்டுகள் மங்காது. 1939இல் எடுத்த காட்சி நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். அக்ஃபாகலர் அவ்வளவு கெட்டியானதல்ல.

அப்படியானால் 1923, 1933 நிகழ்ச்சிகளும் வண்ணத்தில் வருகின்றனவே?

அவை பின்னால் வண்ணமேற்றப்பட்டவை. வேறு வழியே இல்லை.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்ற மியூனிக் மதுக்கூடக் கலகம் 1923 நவம்பர். ஹிட்லர் பிரதமராகப் பதவியேற்றது 1933 ஜனவரி 30. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது பிப்ரவரி 27. எல்லா அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்த சட்டம் நிறைவேறியது மார்ச் 23. தன் கட்சிக்காரர்களையே அவர் தீர்த்துக்கட்டத் தொடங்கியது 1934 ஜூன் 30. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் இறந்ததும் அந்தப் பதவியையும் அவரே எடுத்துக்கொண்டார். எழுச்சி அத்தோடு முடிந்துவிட்டது. வண்ண ஃபிலிம் கடைக்கு வந்ததோ அதற்கு அடுத்த ஆண்டு.

ஆகவே, “ஹிட்லரின் எழுச்சி முழுக்க அசல் வண்ணத்தில்” என்று ஒரு படம் தன்னைச் சொல்லிக்கொண்டால், அந்த ஒரு வரியிலேயே அது பொய் சொல்கிறது. அசல் வண்ணத்தில் இருப்பது அதிகாரம் கைக்கு வந்து, சாலையெல்லாம் கொடி பறந்து, எதிர்த்தவர்கள் சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்த பிந்தைய காலம் மட்டும். மதுக்கூடத்துக்குள் நடந்ததைக் கறுப்பு வெள்ளையில்கூட எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை.

அசல் வண்ணக் காட்சிகளை எடுத்தவர்கள் யார்?

இந்தப் படங்களைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான படங்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. பெயர் போடாமல், தேதி போடாமல், காட்சிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே போவார்கள்.

அதிகம் பயன்படுத்தப்படுவது ஈவா பிரவுன் எடுத்த சுருள்கள். ஹிட்லரின் சொந்த விமானி ஹான்ஸ் பௌர் எடுத்தவையும் உண்டு. மியூனிக்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபையராபெண்ட் என்ற பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர் 1939 ஜூலையில் அந்நகரில் நடந்த ‘ஜெர்மானியக் கலை நாள்’ ஊர்வலத்தை 16 எம்.எம். வண்ணத்தில் பதிவு செய்தார். அலங்கார வண்டிகள், வேடமிட்ட பெண்கள், மேடையில் தலைவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஏழு வாரங்களுக்குள் போலந்தின் மீது படையெடுப்பு தொடங்கிவிட்டது.

மறுபக்கத்தில் நேச நாடுகளின் கேமராக்கள். அவற்றுள் முக்கியமானவர் ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி ஐரோப்பாவுக்கு வந்தவர். அரசுக்காக 35 எம்.எம். கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். தனக்காக ஒரு சிறிய கேமராவில் கோடாக்குரோமும் வைத்திருந்தார். நார்மண்டி, பாரிஸ் விடுதலை, டாக்காவ் வதை முகாம் என்று அவர் போன வழியெல்லாம் வண்ணத்தில் பதிவாகியிருக்கிறது. ஊருக்குத் திரும்பி அந்தச் சுருள்களைக் கிடங்கில் போட்டவர் வெளியிடவே இல்லை. 1975இல் அவர் இறந்த பிறகு மகன் கண்டெடுத்தார்.

கவனித்தால் ஒன்று புரியும். ஜெர்மனிக்குள் எடுத்தவர்கள் எல்லாரும் தலைவருக்கு நெருக்கமானவர்கள், இல்லையென்றால் கூட்டத்தில் நின்று கையசைத்தவர்கள். வண்ண ஃபிலிம் விலை அதிகம். கேமராவைத் தூக்க அனுமதியும் வேண்டும். அடிவாங்கியவன் கையில் அது இல்லை. இந்தக் காட்சிகளில் ஆட்சி அழகாகத் தெரிவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஈவா பிரவுன் சுருள்களில் அப்படி என்ன இருக்கிறது?

பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். விசேஷமாக ஒன்றும் நடப்பதில்லை.

ஈவா பிரவுன் பதினேழு வயதில் மியூனிக்கில் ஹைன்ரிக் ஹாஃப்மனின் புகைப்படக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஹாஃப்மன் ஹிட்லரின் சொந்தப் புகைப்படக்காரர். ஹிட்லரை ஈவா சந்தித்ததும் அந்தக் கடையில்தான், 1929இல். கேமராவைக் கையாளத் தெரிந்த பெண். பவேரிய மலையில் ஓபர்சால்ஸ்பெர்கில் இருந்த ஹிட்லரின் பெர்க்ஹோஃப் வீட்டு மொட்டைமாடியில்தான் பெரும்பாலான காட்சிகள் ஓடுகின்றன. தாழ்வான கல் கைப்பிடிச்சுவர், அதற்கு அப்பால் பனி மூடிய மலைகள், வெயிலுக்கு விரித்த பெரிய குடைகள், சாய்வு நாற்காலிகள். ஹிட்லர் யாரிடமோ பேசுகிறார், நாயைத் தட்டிக்கொடுக்கிறார், விருந்தாளிகளின் குழந்தைகளைக் கொஞ்சுகிறார். ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஷ்பெயரும் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரும் வருகிறார்கள், போகிறார்கள். ஏரிக்கரையில் ஈவா உடற்பயிற்சி செய்து காட்டுகிறார். அப்போது கேமரா வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது.

1945இல் அமெரிக்கப் படை இவற்றைக் கைப்பற்றி நாட்டுக்குக் கொண்டுபோனது. பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் லுட்ஸ் பெக்கர் என்ற ஜெர்மானியக் கலைஞர் தேடிப் பிடித்தார். அவற்றைக் கொண்டு தயாரான ஆவணப்படம் 1973இல் கான் திரைப்பட விழாவில் ஓடியபோது அரங்கில் பெரும் கூச்சல் எழுந்தது. ஹிட்லரை மனிதனாகக் காட்டுவதா என்ற கோபம். பின்னணி விவரிப்பு எதுவும் அந்தப் படத்தில் இல்லை என்பது கோபத்தை இன்னும் கூட்டியது.

அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்தச் சுருள்களை ஒதுக்கக் கூடாது என்பேன். அதே வீட்டுக்குத்தான் 1938 பிப்ரவரியில் ஆஸ்திரியப் பிரதமர் ஷுஷ்னிக்கை வரவழைத்து மிரட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் அங்கே வந்து பேசிவிட்டுப் போனார். 1939 ஆகஸ்ட் 22ஆம் தேதி போலந்தை அழிக்கப் போவதைப் படைத் தளபதிகளைக் கூட்டி ஹிட்லர் அறிவித்ததும் அங்கேதான். சுருளில் இவை எதுவும் இல்லை. மொட்டைமாடியில் தேநீர் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற ஆவணப்படம் நல்ல ஆவணப்படம். தேநீரை மட்டும் காட்டுவது கிசுகிசுப் பத்திரிகை.

ஏன் எப்போதும் வெயிலாகவே இருக்கிறது?

ஃபிலிமின் வேகம் மிகக் குறைவு. நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் எதுவும் பதியாது. அதனால் கோடைக்காலம், திறந்தவெளி, அணிவகுப்பு, விடுமுறை ஆகியவை மட்டும் வண்ணத்தில் மிஞ்சின. தீப்பந்த ஊர்வலங்களும் 1938 நவம்பர் இரவில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்டதும் இந்தப் பட்டியலில் வராது.

முகாம்களையும் கெட்டோக்களையும் காட்டும் வண்ணப் படங்கள் உண்மையா?

சில உண்மை. டாக்காவ் முகாம் 1945 ஏப்ரல் 29 அன்று விடுவிக்கப்பட்டதும் ஸ்டீவன்ஸ் குழு எடுத்தவற்றைப் பற்றி மேலே சொன்னேன். அவரது குழுவினர் எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் வழக்கில் சாட்சியமாகத் திரையிடப்பட்டன. வண்ணச் சுருள் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

என்னை அதிகம் உறைய வைத்தது வேறொன்று. போலந்தின் வூட்ஜ் நகரில் 1940இல் ஒரு லட்சத்து அறுபதாயிரம் யூதர்களுக்கு மேல் வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். கெட்டோ எனப்பட்ட அந்த அடைப்புப் பகுதியின் ஜெர்மானிய நிர்வாகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த வால்டர் கெனவைன் ஒரு புகைப்படப் பிரியர். அக்ஃபாகலர் ஸ்லைடுகளில் தையல் பட்டறைகளையும் தெருக்களையும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்த மனிதர்களையும் எடுத்துத் தள்ளினார். ஒழுங்காக நடக்கும் ஒரு தொழிற்கூடத்தைக் காட்டுவதாக அவர் நினைப்பு. ஸ்லைடுகளில் செம்பழுப்புச் சாயல் படிகிறது, நிறம் சரியாக வரவில்லை என்று அக்ஃபா நிறுவனத்துக்குப் புகார்க் கடிதமும் எழுதினார். சுற்றிலும் மனிதர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து போன வாடிக்கையாளர் புகார் அது!

1987இல் வியன்னாவின் ஒரு பழம்பொருள் கடையில் ஏறக்குறைய நானூறு ஸ்லைடுகள் கிடைத்தன. போலந்து இயக்குநர் டாரியுஷ் யப்லோன்ஸ்கி 1998இல் இவற்றை வைத்து ஒரு படம் எடுத்தார். வழக்கமான முறையைத் தலைகீழாக்கினார்: கெனவைனின் அன்றைய ஸ்லைடுகள் வண்ணத்தில், உயிர் பிழைத்த மருத்துவர் அர்னோல்ட் மோஸ்டோவிச் பேசும் இன்றைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில். அந்த வண்ணப் படங்களில் இருப்பது தான் வாழ்ந்த கெட்டோ அல்ல என்பது மருத்துவரின் சாட்சியம். இந்த வகைப் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பார்க்கலாம்.

அசல் வண்ணமா, பூசியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1935க்கு முந்தியது என்றால் விசாரணை முடிந்தது.

பிறகு இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். இரவு, அறைக்குள், மங்கலான மண்டபம் என்றால் சந்தேகப்படலாம். செய்திச்சுருள்கள் அநேகமாக எல்லாமே கறுப்பு வெள்ளை. ஆகவே ஹிட்லர் ஒலிபெருக்கி முன் நின்று கர்ஜிக்கும் காட்சி வண்ணத்தில் வந்தால், அது பெரும்பாலும் பூசியது.

மூன்றாவது, தோலின் நிறம். பூசிய காட்சிகளில் எல்லார் முகமும் ஒரே சாயலில் இருக்கும். கன்னம், காது, கழுத்து என்ற வேறுபாடு தெரியாது. கணினி தானாகவே பூசியது என்றால் கொடி சில ஃபிரேம்களில் சிவப்பாகவும் சிலவற்றில் பழுப்பாகவும் மாறும். கூட்டத்தின் பின்வரிசை சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டிருக்கும்.

அடிப்படைச் சிக்கல் எளிது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டும். ஒரு சாம்பல் சட்டை பச்சையா நீலமா என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு 1920களில் பரவலாக இருந்த ஃபிலிம் வகை சிவப்பை ஏறக்குறையக் கறுப்பாகப் பதிவு செய்தது. சீருடை, பதக்கம், கொடி ஆகியவற்றின் நிறத்தை அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துவிடலாம். சாலையோரத்தில் நிற்கும் பெண்ணின் உடை நிறத்தை யாரிடம் கேட்பது?

வண்ணமேற்றுவது தவறா?

சொல்லிவிட்டுச் செய்தால் தவறில்லை என்பது என் கட்சி. சொல்லாமல் செய்தால் மோசடி.

இந்த விவாதம் பிரான்ஸில் 2009இல் சூடுபிடித்தது. இரண்டாம் உலகப் போரைப் பற்றி அங்கே தயாரான ஒரு தொடரில் காப்பகக் காட்சிகள் பெருமளவு வண்ணமேற்றப்பட்டிருந்தன. யூத இனப்படுகொலைக் காட்சிகளை மட்டும் கறுப்பு வெள்ளையிலேயே விட்டார்கள். பார்வையாளர்கள் லட்சக்கணக்கில் பார்த்தார்கள். கலை வரலாற்று அறிஞர் ஜார்ஜ் டிடி-ஹ்யூபர்மன் கடுமையாக விமர்சித்தார். தயாரிப்பாளர்களின் வாதம், அன்றைய மக்கள் உலகத்தை வண்ணத்தில்தானே பார்த்தார்கள் என்பது. உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்த வண்ணத்தை நீங்கள் காட்டவில்லையே! இன்றைய கலைஞர் ஒருவர் ஊகித்த வண்ணத்தைத்தானே காட்டுகிறீர்கள்? இனப்படுகொலைக் காட்சிகளில் கை வைக்கத் தயங்கியபோதே, பூசுவது ஆவணத்தை மாற்றும் வேலை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பூட்ஸ் சத்தமும் கூட்டத்தின் ஆரவாரமும் அசலா?

இல்லை. 16 எம்.எம். வீட்டுப் படங்களுக்கு ஒலியே கிடையாது. நீங்கள் கேட்கும் காலடி ஓசை, கோப்பைச் சத்தம், நாய் குரைப்பு எல்லாம் ஒலிக்கூடத்தில் சேர்த்தவை. உதட்டசைவைப் படித்து என்ன பேசினார்கள் என்று சொல்லும் முயற்சிகளும் நடந்தன. அதை ஒரு ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடைக் கர்ஜனை இல்லாமல் ஹிட்லர் சாதாரணமாகப் பேசும் குரல் வேண்டுமென்றால் ஒரு பதிவு இருக்கிறது. 1942 ஜூன் 4 அன்று ஃபின்லாந்துத் தளபதி மன்னர்ஹைமின் 75ஆம் பிறந்தநாளுக்கு ஹிட்லர் வந்தபோது, அந்நாட்டு வானொலிப் பொறியாளர் ஒருவர் ரயில் பெட்டிக்குள் நடந்த உரையாடலைச் சுமார் 11 நிமிடங்கள் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்துவிட்டார். சோவியத்திடம் அத்தனை டாங்கிகள் இருந்தன என்று ஹிட்லர் வியந்து புலம்புகிறார். தாழ்ந்த, களைத்த குரல். நல்ல ஆவணப்படங்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த படங்கள் வண்ணமா?

இல்லை. ஹிட்லர் ஆட்சிக்காகப் படம் எடுத்த இந்த இயக்குநரின் படங்களில், நாஜிக் கட்சியின் 1934 நியூரம்பர்க் மாநாட்டைப் பற்றியதும் 1936 ஒலிம்பிக் பற்றியதும் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் பார்த்தேன் என்பவர் வண்ணமேற்றிய பிரதியைப் பார்த்திருக்கிறார்.

அசல் காட்சிகளே என்றால் நம்பிவிடலாமா?

நம்ப முடியாது. பிரான்ஸ் சரணடைந்த 1940 ஜூனில் ஹிட்லர் மகிழ்ச்சியில் ஒரு காலை ஓங்கித் தரையில் வைத்தார். நேச நாட்டுப் பிரசாரகர்கள் அந்தச் சில ஃபிரேம்களைத் திரும்பத் திரும்ப ஒட்டி அவரை நடனமாட விட்டார்கள். இன்றும் அது ‘ஹிட்லரின் நடனம்’ என்று வலம் வருகிறது.

இன்னொன்று, வீழ்ச்சிப் பகுதியில் தவறாமல் வரும் காட்சி. பெர்லினில் அலுவலகத் தோட்டத்தில், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்ட ஹிட்லர் சிறுவர் படையினரின் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கிறார். “கடைசிப் பிறந்தநாள், ஏப்ரல் 20” என்று விவரிப்பாளர் சொல்வார். அது 1945 மார்ச் 20 அன்று எடுக்கப்பட்டு, இரண்டு நாள் கழித்து வெளியான கடைசிச் செய்திச்சுருளில் வந்தது. ஒரு மாத வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தேதியையே சரிபார்க்காத தயாரிப்பாளர் மற்றவற்றை எப்படிச் சரிபார்த்திருப்பார்?

மிகக் கொடிய உதாரணம் வார்சா கெட்டோ. 1942 மே மாதம் ஜெர்மானியப் படக்குழு அங்கே எடுத்த மௌனக் காட்சிகளைப் பல ஆவணப்படங்கள் அசல் சாட்சியமாகவே பயன்படுத்தின. 1998இல் விடுபட்ட சுருள்கள் கிடைத்தன. பட்டினியால் கிடப்பவர்களை ‘பணக்கார’ யூதர்கள் கண்டுகொள்ளாமல் கடந்து போகும் காட்சியைப் பலமுறை ஒத்திகை பார்த்து எடுத்தது அவற்றில் தெரிந்தது. இஸ்ரேலிய இயக்குநர் யாயெல் ஹெர்சோன்ஸ்கி 2010இல் எடுத்த ஆவணப்படம் இந்தப் பொய்யைச் சுருள் சுருளாகப் பிரித்துக் காட்டுகிறது.

வீழ்ச்சி வண்ணத்தில் இருக்கிறதா?

எழுச்சியைவிட நிறையவே இருக்கிறது. 1945 கோடையில் அமெரிக்கப் படப்பிடிப்பாளர்கள் இடிந்த பெர்லினைத் தெருத் தெருவாகக் கோடாக்குரோமில் எடுத்தார்கள். செங்கல் குவியல்களுக்கு இடையே வாளி வாளியாக இடிபாடுகளைக் கைமாற்றும் பெண்கள், கூரையில்லாத கட்டடங்கள், மேலே அதே நீல வானம். கேமரா கை மாறியதும் எடுக்கப்பட்ட பொருளும் மாறிவிட்டது.

வோல்ஃபன் தொழிற்சாலை சோவியத் பகுதிக்குள் விழுந்தது. கைப்பற்றிய ஜெர்மன் வண்ணச்சுருளில்தான் 1945 ஜூன் 24 அன்று மாஸ்கோ வெற்றி அணிவகுப்பை எடுத்தார்கள். பின்னாளில் அந்தத் தொழிற்சாலை ஃபிலிமுக்கு ‘ஆர்வோ’ என்று பெயர் வைத்தார்கள். 1970களின் இந்தியப் படங்களில் ‘ஆர்வோ கலர்’ என்று எழுத்து ஓடியதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்; அதே தொழிற்சாலைதான்.

மற்ற சர்வாதிகாரிகளைப் பற்றி இப்படிப் படங்கள் உண்டா?

உண்டு, சில இதைவிடச் சிறந்தவை. ஆந்த்ரே உஜிகா 2010இல் ருமேனியாவின் சௌஷெஸ்குவைப் பற்றி எடுத்த மூன்று மணி நேரப் படத்தில் விவரிப்பாளரே இல்லை. முழுக்க அரசே எடுத்து வைத்த காட்சிகள்; அவற்றை வரிசைப்படுத்தியதிலேயே மனிதர் அம்பலப்படுகிறார். ஸ்டாலினின் 1953 இறுதிச் சடங்குக் காட்சிகளைக் கொண்டு செர்கெய் லோஸ்னிட்சா 2019இல் எடுத்ததும் அந்த வழியே. இடி அமினைப் பற்றி பார்பே ஷ்ரோடர் 1974இல் எடுத்தது காப்பகப் படமல்ல. அமினின் சம்மதத்தோடு நேரில் எடுத்தது. பிடிக்காத இடங்களை வெட்டச் சொல்லி, உகாண்டாவில் இருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார் அமின். இயக்குநர் வெட்டிக் கொடுத்தார். அமின் வீழ்ந்த பிறகு மீண்டும் சேர்த்தார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

முகாம் காட்சிகள் வரும் பகுதியை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அது கடைசி மூன்றில் ஒரு பங்கில் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் உலகப் போரைப் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவரோடு பார்க்கலாம்.

வெட்டி ஒட்டாத அசல் சுருள்களைப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஈவா பிரவுன் சுருள்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். இசை இல்லை, விவரிப்பு இல்லை, கை ஆடுகிறது, பாதிக் காட்சிகள் மலையும் பூவும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தைப் போடுங்கள். எந்த மூன்று விநாடிகளை எடுத்து எந்த இசையோடு சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.